செத்த பிறகும் கூலி பேசுகிறார்கள்

சாலை விபத்தில் நம் சேரியில் ஒருவர் இறந்துபோனால் மூன்று விதமான பணம் பேசப்படுகிறது. முதலாவது, வண்டிக்காரர் தரப்பு ஊர்ப் பெரிய மனிதர்களை முன்னால் விட்டுப் பிணவறை வாசலில் கொடுக்கும் பணம். இரண்டாவது, அரசு அறிவிக்கும் நிவாரணம். அமைச்சரோ ஆட்சியரோ காசோலை கொடுக்கும் படம் மறுநாள் செய்தித்தாளில் வரும். மூன்றாவது, சட்டப்படி அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டிய இழப்பீடு. முதல் இரண்டும் தெரு முழுக்கத் தெரியும். மூன்றாவதைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் வக்கீல் பாத்துக்குவாரு" என்று பேச்சை முடித்துக்கொள்வார்கள். நாங்கள் எழுத வந்தது அந்த மூன்றாவது பணத்தைப் பற்றி.

நாங்கள் வழக்கறிஞர்கள் இல்லை. நெடுஞ்சாலையோரக் காலனி ஒன்றில் அம்பேத்கர் படிப்பகம் நடத்துகிறவர்கள். சென்னையிலிருந்து திருச்சி போகும் சாலை, விழுப்புரத்தைத் தாண்டி உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகிற வழியில் எங்களையும் ஊரையும் இரண்டாகப் பிரித்துக்கொண்டு போகிறது. ஊர்த்தெரு, ரேஷன் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் மேற்கே. நாங்கள் கிழக்கே. சாலை நான்கு வழியான பிறகு, அரிசி வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் வேலைக்குப் போகவும் அதைக் கடந்தாக வேண்டும். அதனால் அரசு மருத்துவமனை, காவல் நிலையம், நீதிமன்றம் என்று குடும்பங்களோடு கூடவே நடந்து நடந்து இந்தச் சட்டத்தைக் கற்றுக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெரு அண்ணன் ஒருவர் இப்படித்தான் போனார். வயது 38. கொத்தனார். காலையில் டி.வி.எஸ். 50-இல் சாலையைக் கடக்கும்போது கார் மோதியது. உடற்கூராய்வு முடிவதற்குள் நான்கு பேர் வந்துவிட்டார்கள். கையில் 50,000 ரூபாய். அவர்களில் வயதில் இளையவர் ஒருவர்தான் அண்ணியிடம் பேசினார். "யம்மா, போனவன் திரும்பி வரப் போறதில்ல. கேசுன்னு அலைஞ்சா உனக்குத்தான் கஷ்டம். இத வச்சிக்கிட்டு காரியத்தப் பாரு." சாவு வீட்டிலும் அந்த ஒருமை மாறவில்லை. அண்ணி நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "நாளைக்கு எம் புள்ளைங்க கேட்டா, உங்கப்பனுக்கு அம்பதாயிரம்னு சொல்லட்டுமா?"

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, யார்மீது தவறு என்று பார்க்காமலேயே சாவுக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் என்று வைத்திருக்கிறது. மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் 2022-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. அதாவது கண்ணெதிரே வண்டியும் ஓட்டுநரும் நிற்கும்போது கட்டப்பஞ்சாயத்தில் சொன்ன தொகை, அடையாளம் தெரியாத வண்டிக்குச் சட்டம் கொடுப்பதில் நான்கில் ஒரு பங்கு. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கவனக்குறைவால் ஒருவர் சாவுக்குக் காரணமாவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் வரும் குற்றம், பழைய தண்டனைச் சட்டத்தில் 304-ஏ. இரண்டு தரப்பும் கைகுலுக்கிக்கொண்டு முடித்துக்கொள்ளக் கூடிய குற்றங்களின் பட்டியலில் அது இல்லை. பிணவறை வாசலில் 'கேஸ் வேண்டாம்' என்று பேசி முடிக்கும் அதிகாரம் எந்த ஊர்ப் பெரிய மனிதருக்கும் கிடையாது.

தவறு வண்டி ஓட்டியவர்மீது என்று காட்ட முடிந்தால், 166-ஆம் பிரிவின் கீழ் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் முழு இழப்பீடு கேட்கலாம். அதைக் கணக்கிடும் முறையை உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்துக் கொடுத்திருக்கிறது. பள்ளிக்கூடக் கணக்குத்தான், பயப்பட ஒன்றுமில்லை.

இறந்தவரின் மாத வருமானத்தை முதலில் எடுத்துக்கொள்வார்கள். உயிரோடிருந்தால் நாளைக்கு அவர் வருமானம் கூடியிருக்குமே, அதற்காகச் சொந்தத் தொழில் செய்பவருக்கும் கூலிக்காரருக்கும் 40 வயதுக்குள் என்றால் 40 சதவீதம் சேர்ப்பார்கள். 40 முதல் 50 வரை 25 சதவீதம், 50 முதல் 60 வரை 10 சதவீதம். பிறகு அவர் தனக்கென்று செலவு செய்திருக்கும் பங்கைக் கழிப்பார்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருந்தால் கழிப்பது நான்கில் ஒரு பங்கு. மிஞ்சுவதைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுக் கணக்காக்கி, வயதுக்குரிய எண்ணால் மறுபடி பெருக்குவார்கள். 36 முதல் 40 வயது வரை அந்த எண் 15. இதற்கு மேல் ஈமச்சடங்குக்கும் சொத்திழப்புக்கும் தலா 15,000, துணையை இழந்ததற்கு 40,000. இவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் உயரும் என்று 2017 தீர்ப்பு சொல்கிறது. பெற்றவரை இழந்த பிள்ளைக்கும் பிள்ளையை இழந்த தாய்க்கும் அந்த 40,000 உண்டு என்று 2018-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

எங்கள் அண்ணன் விஷயத்துக்கு வருவோம். தினக்கூலி 900 ரூபாய். மாதத்தில் 20 நாள் வேலை என்றாலும் 18,000. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் வருமான இழப்பு மட்டும் 34,02,000 ரூபாய். தீர்ப்பாயத்தில் என்ன நடந்தது? காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் அண்ணியைக் குறுக்கு விசாரணை செய்தார். சம்பளச் சீட்டு இருக்கிறதா? இல்லை. வங்கியில் கூலி வரவு இருக்கிறதா? இல்லை. வருமான வரி கட்டினாரா? அண்ணி எங்களைத் திரும்பிப் பார்த்தார். சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி கையில் எண்ணிக் கொடுத்த கூலிக்கு எந்த ரசீது இருக்கும்? மேஸ்திரி வந்து சாட்சி சொன்னார், நோட்டையும் காட்டினார். தீர்ப்பாயம் கடைசியில் மாத வருமானத்தை 12,000 என்று எடுத்துக்கொண்டது. வருமான இழப்பு 22,68,000 ஆனது. ஒரே ஒரு வரியில் 11,34,000 ரூபாய் போய்விட்டது.

அன்று ராத்திரி படிப்பகத்தில் உட்கார்ந்து இதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். இந்த வயதில், இந்தக் குடும்பத்துக்கு, மாத வருமானத்தில் ஆயிரம் ரூபாய் குறைத்தால் கடைசித் தொகையில் 1,89,000 ரூபாய் குறைகிறது. நம் மக்களுக்கு உயிரோடிருக்கும்போது குறைத்துக் கொடுத்த கூலி, செத்த பிறகு வயது எண்ணால் பெருக்கப்பட்டு மறுபடி குறைக்கப்படுகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுச் சித்தாளாகப் போக வைத்தது எது? இருபது வருடம் வேலை செய்தும் ஒரு துண்டுச் சீட்டு இல்லாத வேலையிலேயே வைத்திருந்தது எது? அந்தக் கேள்வி தீர்ப்பாயத்தின் படிக்கட்டு ஏறுவதில்லை. அதன் விளைவு மட்டும் கணக்கில் ஏறிவிடுகிறது. அதே இடத்தில், அதே காரில், அதே வயதில் நிரந்தரச் சம்பளக்காரர் ஒருவர் அடிபட்டிருந்தால் சம்பளச் சீட்டு ஒன்று போதும். நாளைய உயர்வுக்கென்று அவருக்குச் சேர்ப்பதும் 40 இல்லை, 50 சதவீதம்.

நீதிமன்றங்களுக்கு இது தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2011-இல் ராமச்சந்திரப்பா என்ற கூலித் தொழிலாளியின் வழக்கில், அவர் கேட்ட மாதம் 4,500 ரூபாயைத் தீர்ப்பாயம் 3,000 ஆக்கியது சரியில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014-இல் காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில், அமைப்புசாராத் தொழிலாளியிடம் ஆவணம் கேட்க முடியாது என்று சொல்லி மாதம் 6,500 ரூபாயை ஏற்றுக்கொண்டது. இந்தத் தீர்ப்புகளை எடுத்து வைத்து வாதாட ஆள் வேண்டும். அண்ணி வழக்கில் கூடுதல் தொகை கேட்டு உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு போட்டிருக்கிறோம். தீர்ப்பு வந்து 90 நாளுக்குள் போட வேண்டும் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டோம்.

வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு முன்பே பாதி முடிந்துவிடுகிறது என்பது எங்கள் அனுபவம். அது முடிகிற இடம், அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. அடிபட்டவரைக் கொண்டு போனதும் 'எப்படி நடந்தது' என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார்கள். ஏ.ஆர். என்பது அதைத்தான். ஒருமுறை எங்கள் தெருப் பையன் ஒருவனை மோதிய வண்டிக்காரரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொன்னோம். பதிவேட்டில் அவர் எழுத வைத்திருந்தது, 'வண்டியிலிருந்து தானாக விழுந்தார்' என்று. இன்னொருவருக்கு, குடிக்கவே தெரியாத மனிதர் அவர், 'மது வாடை' என்று எழுதியிருந்தார்கள். காலனி என்று முகவரி சொன்னதுமே அந்த வாடை சிலருக்கு வந்துவிடுகிறது. எந்தப் பரிசோதனையும் இல்லாமல் எழுதிய அந்த ஒரு வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு மூன்று வருடம் வாதாடியது.

ஆகவே, யாரும் அடிபட்டால் நம் ஆள் ஒருவர் மருத்துவர் பக்கத்தில் நின்று, எந்த வண்டி, எங்கே, எத்தனை மணிக்கு மோதியது என்று சொல்லி எழுத வையுங்கள். வண்டியின் எண்ணையும் வண்டி நின்ற நிலையையும் செல்போனில் படம் எடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள். பார்வை மகஜரும் வரைபடமும் எழுதும்போது அங்கே இருங்கள். அண்ணன் வழக்கில் 'குறுக்கே வந்தார், உரிமம்கூட இல்லை' என்றுதான் எதிர்த்தரப்பு ஆரம்பித்தது. உரிமம் இல்லை என்பதாலேயே ஒருவர் விபத்துக்குக் காரணம் ஆகிவிட மாட்டார் என்று 2008-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கார் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது என்பது வரைபடத்தில் இருந்தது. அதனால் அந்த வாதம் நிற்கவில்லை.

சாவைப் பற்றியே பேசினால் போதாது. உயிர் பிழைத்துக் கால் போனவர்கள், கை போனவர்கள்தான் அதிகம். எலும்பு முறிந்தால் நம் பக்கத்தில் பலர் புத்தூர் கட்டு போடப் போய்விடுவார்கள். செலவு குறைவு, ஆஸ்பத்திரியில் படும் அவமானம் இல்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே போவதற்கு முன் அரசு மருத்துவமனையில் பதிந்து, எக்ஸ்ரே எடுத்து, காயச் சான்றிதழுக்கு வழி செய்துவிட்டுப் போக வேண்டும். காகிதம் இல்லாத முறிவைத் தீர்ப்பாயத்தில் முறிவு என்று நிரூபிப்பது பெரும்பாடு.

மருத்துவர் குழு ஊனச் சான்றில் ஒரு சதவீதம் எழுதும். அதைப் பார்த்து மலைக்கவோ சோர்ந்துபோகவோ வேண்டாம். 2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், உடலுக்கு எத்தனை சதவீதம் ஊனம் என்பது வேறு, சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்பது வேறு என்று தெளிவாகச் சொன்னது. அதில் சொன்ன உதாரணம், இடது கை போன ஒருவர். அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் வருமான இழப்பு ஏறக்குறைய முழுவதும், அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலையே போகாமல் இருக்கலாம். இதை நம் வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். முழங்கால் மடங்காத ஒரு அக்காவுக்குச் சான்றிதழில் 30 சதவீதம் என்றிருக்கும். நாற்று நடவும் களை எடுக்கவும் போகிறவருக்கு முழங்கால்தான் வேலை. இனி அவரை யார் நடவுக்குக் கூப்பிடுவார்கள்? தீர்ப்பாயத்தில் அந்த வேலையை அவர் வாயாலேயே விளக்கிச் சொல்ல வைக்க வேண்டும். குனிவது, சேற்றில் காலை இழுத்து வைப்பது, பின்னால் நகர்வது, எல்லாவற்றையும். எழுத்தர் வேலையை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் வேலையை விளக்கித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

பெண்கள் விஷயத்தில் இன்னொரு வெட்டு விழுகிறது. 1989-இல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்தில் இறந்த பெண்களின் வீட்டு வேலைக்கு, 2001-இல் லதா வாத்வா வழக்கில் மாதம் 3,000 ரூபாய் மதிப்பு வைக்கப்பட்டது. 2021-இல் கீர்த்தி வழக்கில், வீட்டு வேலைக்கு மதிப்பு வைப்பது அந்த உழைப்புக்கு அளிக்கும் அங்கீகாரம் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. நல்லது. எங்கள் அக்காக்கள் விடியற்காலை சோறாக்கி வைத்துவிட்டு வயலுக்குப் போய், திரும்பி வந்து மறுபடி அடுப்பு மூட்டுகிறவர்கள். அவர்கள் சாவுக்கு ஆணை விடக் குறைந்த ஒரு கூலியை எழுதிவிட்டு வீட்டு வேலையை மறந்துவிடுவது எங்கள் கண்முன்னால் நடக்கிறது. மனுவிலேயே இரண்டையும் கேட்டு எழுத வேண்டும் என்பது எங்கள் கட்சி.

இப்போது எல்லாவற்றையும் விடக் கசப்பான ஒன்று. நடவு, அறுவடை, கரும்பு வெட்டு எதுவானாலும் நம் ஆட்களை ஏற்றிப் போக வருவது குட்டி யானை, மினி லாரி, டிராக்டர் டிப்பர். கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் அதுதான். காலனிக்குப் பேருந்து வருவதில்லை, ஆள் கூப்பிடுகிறவர் அனுப்புவதில் ஏறுகிறோம். அது கவிழ்ந்தால்? சரக்கு வண்டியில் பயணியாகப் போனவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று 2002-இல் ஆஷா ராணி வழக்கிலும் 2004-இல் பல்ஜித் கவுர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வண்டிக்குப் பாலிசி இருக்கும், நம் உயிர் அதில் இருக்காது. வண்டி உரிமையாளர்மீது தீர்ப்பு வாங்கலாம். அவரிடம் அந்த வண்டியைத் தவிர வேறு ஒன்றும் இல்லாவிட்டால் தீர்ப்பு வெறும் காகிதம்தான்.

அதிலும் வழி அடைபட்டுவிடவில்லை. சரக்கோடு போன சுமைதூக்கும் தொழிலாளிக்கும், சரக்கின் உரிமையாளருக்கோ அவர் அனுப்பிய ஆளுக்கோ சட்டத்தில் இடம் உண்டு. வேலைக்கு ஏற்றிப் போகும்போது நடந்தால், தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டப்படி வேலை கொடுத்தவரைப் பொறுப்பாக்கிக் கேட்கலாம். இரண்டு சட்டத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால் யோசித்துப் போட வேண்டும். 2007-இல் டிராக்டர் டிப்பரில் போய் அடிபட்ட கூலித் தொழிலாளி ஒருவரின் வழக்கில், காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவைக் காட்டிக் கேட்க வேண்டும். அதோடு, காலனிக்குப் பேருந்து கேட்டு மனு கொடுப்பதும் இழப்பீட்டுப் போராட்டத்தின் பகுதிதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

கூலியைப் பார்க்காமல் உயிருக்கு ஒரே தொகை வைக்க நீதிமன்றத்தால் முடியாதா? முடியும் என்பதற்கு நம் மக்களின் சாவே சாட்சி. சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு, 1993 முதல் நடந்த ஒவ்வொரு சாவுக்கும் 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் சஃபாய் கர்மசாரி அந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அங்கே யாரும் சம்பளச் சீட்டு கேட்கவில்லை. ஆவணம் இல்லாத உழைப்புக்கு நியாயமான ஒரு அடிமட்டத் தொகையைச் சாலை விபத்திலும் வைக்கலாம் என்று நாம் கேட்பதில் என்ன தவறு?

கெடு ஒன்று இருக்கிறது, அதை மறந்துவிடக் கூடாது. 1994-இல் எடுக்கப்பட்ட காலவரம்பை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மறுபடி கொண்டுவந்துவிட்டது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அவற்றை நம்பிக் காத்திருக்க வேண்டாம். கருமாதி முடிந்ததும் மனு வேலையை ஆரம்பியுங்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

வக்கீலுக்குப் பணம்? ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் புரோக்கர், 'காசே வேண்டாம், வர்றதுல முப்பது பர்சென்ட்' என்பார். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார். வருகிற தொகையில் இத்தனை பங்கு என்று வழக்கறிஞர் பேசுவதை இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகள் அனுமதிக்கவில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்கிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் அதற்கான அலுவலகம் இருக்கிறது. சாதிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போய் எழுதிக் கொடுங்கள். வருகிற வழக்கறிஞர் அக்கறை காட்டாவிட்டால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அரசு நிவாரணம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதை வாங்கியதால் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை போய்விடாது. ஆனால் அந்தக் காசோலையோடு கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நிவாரணம் கொடுப்பவர் மனம் வைத்துக் கொடுப்பது. இழப்பீடு நாம் கணக்குப் போட்டு, கேட்டு, வாங்குவது.

இப்போது எங்கள் படிப்பகத்தில் ஒரு வேலை நடக்கிறது. கட்டட வேலைக்குப் போகிறவர்களை நல வாரியத்தில் பதிவு செய்கிறோம், புதுப்பிக்க வேண்டிய அட்டைகளைப் புதுப்பிக்கிறோம். கூலியில் ஒரு பகுதியாவது வங்கிக் கணக்கில் வரும்படி மேஸ்திரிகளிடம் பேசுகிறோம். முடியாதவர்களுக்கு ஒரு நோட்டு கொடுத்திருக்கிறோம். தேதி, வேலை நடந்த இடம், வாங்கிய கூலி, மேஸ்திரியின் கையெழுத்து, அவ்வளவுதான். சாவுக்கு முன்கூட்டியே கணக்கு எழுதுவதா என்று முதலில் சில பெரியவர்கள் கோபித்துக்கொண்டார்கள். உழைப்புக்குத்தான் கணக்கு எழுதுகிறோம் என்று சொன்னோம். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் நாற்பது பேருக்கு மேல். எழுதத் தெரியாதவர்களுக்கு அவர்கள் பிள்ளைகளே எழுதித் தருகிறார்கள். உங்கள் தெருவிலும் இதைத் தொடங்குங்கள்.